அதானே

எங்கள் ஆச்சியை அசத்த ஊரில் ஒருவராலும் முடிந்ததில்லை. எது நடந்தாலும் அவளிடம் ஒரே சொல்தான்: ‘அதானே!’

சொல் ஒன்றென்றாலும் குரல் ஒன்றில்லை. தட்டட்டியில் கூழ் வடகம் ஊற்றி முடிக்கையில் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தால், ‘அதானே, இன்னும் காணுமேன்னு பார்த்தேன்’ என்று மேகத்தை வம்புக்கிழுப்பாள். தாமிரபரணியில் கண் சிவக்கக் குளித்துவிட்டு, தலையைத் துவட்டி, நல்ல பிள்ளையாக வந்து நிற்பேன். காதுமடலுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் மணலை விரலால் வழித்து என் மூக்குக்கு நேரே நீட்டி, ‘அதானே பார்த்தேன்’ என்பாள். ‘பார்த்தேன்’ சேர்ந்துவிட்டால் அடி நிச்சயம். வெறும் ‘அதானே’யோடு நின்றால் தப்பித்தோம். பக்கத்து வீட்டுப் பெரியம்மை மருமகளைப் பற்றி ஆவலாதி சொல்ல வரும்போது அதே சொல் ‘உம்’ கொட்ட உதவும். ஆமாம் என்றும் ஆகாது, இல்லை என்றும் ஆகாது. பின்னாளில் நன்னூல் ஏகாரத்துக்கு ஆறு பொருள் சொல்வதைப் படித்தபோது, ஆறு போதுமா என்றுதான் எனக்குத் தோன்றியது.

1979 ஜூலையில் ஸ்கைலாப் விழப்போகிறது என்று ஊரே கலங்கிக் கிடந்தது. அமெரிக்கா 1973-ல் ஏவிய விண்வெளி ஆய்வுக்கூடம். சுமார் 77 டன் எடை. எங்கே விழும் என்று ஏவியவர்களாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சாகிறதுதான் சாகிறோம், தின்றுவிட்டாவது சாவோம் என்று அடைகோழியைக்கூட விட்டுவைக்காமல் குழம்பு வைத்தார்கள். பிள்ளைகள் நாங்கள் வீட்டுப்பாடம் எழுதவில்லை. ஆச்சி மட்டும் மறுநாள் இட்லிக்கு உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தாள். 12ஆம் தேதி காலை, இந்துமாக்கடலிலும் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியிலும் சிதறி விழுந்துவிட்டதாக ரேடியோ சொன்னது. ‘அதானே’ என்றபடி இட்லிக் கொப்பரையைத் திறந்தாள்.

தாத்தாவுக்குப் பொறுக்கவில்லை. ‘ஏட்டி, எல்லாம் நடந்து முடிஞ்ச பொறவு அதானே, அதானேங்க. ஒரு நாளாவது முந்திச் சொல்லிருக்கியா?’

துணியில் தண்ணீர் தெளித்து இட்லியை உரித்தெடுத்தபடியே ஆச்சி சொன்னாள்: ‘முந்தியே சொல்லி, அது நடந்துட்டா, இவ வாய வச்சா, வெளங்கலன்னு நீங்கதான் மொதல்ல சொல்லுவீக. கருநாக்குக்காரின்னு பேரு வாங்கணுமாக்கும் நான்?’

அவளுக்கு எல்லாமே முன்னால் தெரியும் என்று நான் சொல்ல மாட்டேன். பாதி தெரிந்திருக்கும், பாதி வாய்ச்சவடால். ஆனால் அடுத்த வருஷம், தெருவில் சீட்டு நடத்தியவர் ராவோடு ராவாக ஊரைவிட்டு ஓடினார். அவரிடம் சீட்டுப் போடாத ஒரே ஆள் ஆச்சிதான். ஏன் போடவில்லை என்று அதுவரை யாரிடமும் அவள் மூச்சு விட்டதில்லை. தாத்தா அவளுக்குத் தெரியாமல் இரண்டு சீட்டுப் போட்டிருந்தார்.