அரைப்பேர் கணக்கு!

செமஸ்டர் லீவு விட்டதும் நம்ம பசங்க ரெண்டு கட்சியாப் பிரிவாங்க. ஒண்ணு, 'இன்பிளான்ட் டிரெயினிங்' கட்சி. இன்னொண்ணு, தூங்குற கட்சி. 2025 மே மாசம் நான் தனிக்கட்சி ஆரம்பிச்சேன். இலங்கையில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மூணு வாரம் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லித் தரும் வேலை. டிக்கெட் நம்ம காசு, சம்பளம் ஜீரோ. "லூஸாடா நீ?"ன்னான் ரூம்மேட்.

அங்கே ஒருங்கிணைப்பாளர் போட்ட முதல் கண்டிஷன்: "தம்பி, மூணு கிழமையில நீங்க போயிருவீங்க. டீச்சர் இங்கதான் இருப்பாங்க. அவங்களுக்கு உதவியா இருங்க, அது போதும்." (அங்கே கிழமைன்னா வாரம்!)

டீச்சர் அக்கா அதே தோட்டத்துப் பொண்ணு. உயர்தரம், அதாவது நம்ம பிளஸ் டூ மாதிரி, முடிச்சவங்க. மாலை வகுப்புக்கு வர்ற 20 வாண்டுகளும் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தயாராகிறவங்க. நல்ல மார்க் வாங்கினா நல்ல ஸ்கூல், உதவித்தொகை. லயத்து வீட்டில் ஒரே அறையில் மொத்தக் குடும்பமும் இருக்கிற பிள்ளைகளுக்கு அது பெரிய விஷயம்.

பின்னம் நடத்தணும். "அரைப்பேர்ல இருந்து தொடங்குங்க"ன்னாங்க அக்கா. கொழுந்து பறிக்கிறவங்களுக்கு ஒரு நாள் வேலைன்னா ஒரு 'பேர்'. நிர்ணயிச்ச எடைக்குக் குறைஞ்சா அரைப்பேர், பாதிச் சம்பளம். "ஆறு நாள் வேலை, அதுல ரெண்டு நாள் அரைப்பேர். மொத்தம் எத்தனை பேர்?"னு கேட்டேன். போர்டுல எழுதி முடிக்கிறதுக்குள்ள, "அஞ்சு!"ன்னு கோரஸ்.

ஒரு பொண்ணு அன்னைக்கு ராத்திரியே அம்மாவோட வாரக் கணக்கைப் போட்டுக் காட்டியிருக்கா. மறுநாள் அந்த அம்மா சம்பளச் சீட்டோட வகுப்புக்கே வந்துட்டாங்க. "எதுக்கு எவ்வளவு பிடிச்சிருக்காங்கன்னு வாசிக்க இவளுக்குச் சொல்லிக் குடுங்க தம்பி." அடுத்த ரெண்டு நாள் எங்க பாடப்புத்தகமே அந்தச் சீட்டுதான்.

இன்னொரு வாண்டு, "அண்ணா, நீங்க திருச்சியா? எங்க தாத்தாவோட தாத்தா துறையூர்"னான். 19-ம் நூற்றாண்டில் காபி, தேயிலைத் தோட்டங்களுக்கு நம்ம மாவட்டங்களில் இருந்து போனவங்களோட வாரிசு. 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டம் இவங்களை நாடற்றவங்களா ஆக்கினதும், 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்க முடிவானதும் எனக்கு வெறும் வருஷ நம்பர். அவனுக்கோ, பாட்டியோட தங்கச்சி இன்னமும் கோத்தகிரியில் இருக்காங்க.

சரி, எனக்கு என்ன கிடைச்சுது? சர்ட்டிஃபிகேட் ஃபைல்ல தூங்குது. ஆனா, சொல்லித் தந்த கணக்கு அன்னைக்கு ராத்திரியே ஒரு வீட்டில் பயன்பட்டுச்சே, அந்த கிக் நாலு செமஸ்டர்ல எனக்குக் கிடைச்சதில்லை. நான் கிளம்பினப்புறமும் அக்கா சம்பளச் சீட்டு வகுப்பை நடத்தறாங்களாம், வாட்ஸ்அப்பில் சொன்னாங்க. நான் இல்லாமலே நடக்குது. அதுதான் டபுள் சந்தோஷம்!

உங்களுக்கும் ஆசையா? போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேளுங்க: 'நான் திரும்பினப்புறம் இந்த வேலையை யார் பார்ப்பாங்க?' அதுக்குப் பதில் இருக்கிற ஊருக்கு, தைரியமா மூட்டையைக் கட்டுங்க!