கூவத்தில் நின்ற தூண்கள்

தேனி, போடி, கம்பத்திலிருந்து ராத்திரி பஸ் ஏறி, விடிகாலையில் கோயம்பேட்டில் இறங்கிய நம்ம பக்கத்து ஆட்கள் எல்லாருக்கும் அந்தத் தூண்களைத் தெரிந்திருக்கும். கோயம்பேடு, அரும்பாக்கம், சேத்துப்பட்டு என்று கூவத்தை ஒட்டி வரிசையாக நின்றன. மேலே பாலம் கிடையாது. உச்சியில் துருப்பிடித்த கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். தூணும் கம்பி நீட்டியது, வேலையை ஆரம்பித்தவர்களும் கம்பி நீட்டிவிட்டார்கள் என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஒருமுறை சொன்னார்.

அது துறைமுகம் – மதுரவாயல் பறக்கும் சாலை. மொத்தம் 19 கிலோமீட்டர். போடியிலிருந்து தேனிக்கு வருகிற தூரத்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். 2009 ஜனவரியில் பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். 2010-இல் வேலை ஆரம்பித்தது. ஊருக்குள் நிலம் எடுப்பது பெரும்பாடு என்பதால், கோயம்பேடு வரை கூவத்துக் கரையோடு போய், அப்புறம் பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு மேலே மதுரவாயல் வரை போவதாகத் திட்டம். பகலில் கனரக லாரிகளை நகருக்குள் விடமாட்டார்கள். மாதவரம், மணலி, திருவொற்றியூர் என்று சுற்றித்தான் துறைமுகத்துக்குப் போக வேண்டும். இந்தச் சாலை வந்தால் அந்தச் சுற்று இல்லை.

எனக்கு இதில் அக்கறை வந்தது என் தங்கை மகனால். மாப்பிள்ளை அப்போது இருபத்தாறு வயசுப் பையன். சின்னமனூரில் திராட்சை லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், சென்னையில் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டப் போனான். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளிலிருந்து துறைமுகத்துக்குச் சரக்கு. "ரெண்டு மூணு வருசத்துல பாலம் வந்துரும் மாமா. ஒரு நாளைக்கு ரெண்டு நடை அடிக்கலாம்" என்றான். அந்தக் கணக்கில்தான் வட்டிக்கு வாங்கிச் சொந்த வண்டி போட்டான்.

2012 மார்ச்சில் வேலை நின்றது. தூண்கள் ஆற்றுக்குள்ளேயே ஊன்றப்படுகின்றன, வெள்ளம் வந்தால் நீரோட்டத்தை மறிக்கும் என்று மாநிலப் பொதுப்பணித்துறை தடை போட்டது. விஷயம் கோர்ட்டுக்குப் போனது. 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஆட்சி மாறியதுதான் காரணம் என்றார்கள் பலர். அதே 2014 செப்டம்பரிலிருந்து அடுத்த மே வரை முதலமைச்சராக இருந்தவர் நம்ம பெரியகுளத்துக்காரர். அப்போதும் தூண்கள் நின்றபடியேதான் நின்றன.

நான் முல்லையாற்றுத் தண்ணியில் வளர்ந்தவன். ஆற்றுக்குள் கட்டுமானம் கூடாது என்று ஒருவர் சொன்னால் என்னால் சட்டென்று சிரித்துத் தள்ள முடியாது. 2015 டிசம்பர் மழையில் அடையாறு மட்டுமில்லை, கூவமும் கரை தாண்டியது. அதனால் அந்த ஆட்சேபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைத் தூண் எழும்பு முன்னாலேயே உட்கார்ந்து பேசி முடித்திருக்க வேண்டாமா? 1887-இல் ஆரம்பித்து 1895-இல் முல்லைப் பெரியாறு அணையை முடித்தார்கள். அடர்ந்த காடு, மலைக்காய்ச்சல், பாதிக் கட்டுமானத்தை அடித்துக்கொண்டு போகிற வெள்ளம், இவ்வளவையும் மீறி எட்டு வருசம். லோயர் கேம்ப் போய் பென்னிகுயிக் மணிமண்டபத்தைப் பார்த்துவிட்டு வருகிறபோதெல்லாம் எனக்குச் சேத்துப்பட்டுத் தூண்கள்தான் ஞாபகம் வரும்.

கரையில் இருந்தவர்கள் கதை வேறு. ஒருமுறை அரும்பாக்கத்தில் நான் ஏறிய ஆட்டோக்காரர் கூவத்துக் கரையில் பிறந்து வளர்ந்தவர். பாலத்துக்காகக் குடிசைகளை எடுத்து ஒக்கியம் துரைப்பாக்கம் பக்கம் அடுக்குமாடியில் வீடு கொடுத்துவிட்டார்கள். "வீடு கிடைச்சுது சார், பொழப்பு இங்கயே இருக்குது. பொண்டாட்டி வீட்டு வேலைக்குப் போறதும் இங்கதான். தெனமும் பஸ்ஸுல போயி வர்றா" என்றார். பாலம் வந்திருந்தாலாவது மனசு ஆறியிருக்குமோ என்று கேட்டேன். பதில் சொல்லாமல் மீட்டரைத் தட்டினார்.

இந்தக் கதைக்கும் நமக்கும் நேரடியாக ஒரு ஒட்டு உண்டு. 2010 டிசம்பர் 31-ஆம் தேதியோடு மதுரை – போடி மீட்டர்கேஜ் ரயிலை நிறுத்தினார்கள். அகலப் பாதைக்காகத் தண்டவாளத்தைப் பெயர்த்தவர்கள், பதினொரு வருசத்துக்கு மேல் நம்மைக் காக்க வைத்தார்கள். 2022 மே 26-இல் சென்னையில் ஒரே மேடையில் பிரதமர் மோடி இரண்டையும் தொட்டார். மதுரை – தேனி 75 கிலோமீட்டர் பாதையைத் திறந்து வைத்தார். துறைமுகம் – மதுரவாயல் சாலைக்கு மறுபடி அடிக்கல் நாட்டினார். நமக்கு மறுநாளே ரயில் ஓடியது. ஆண்டிபட்டி வரை சும்மா ஏறிப் போய், பஸ்ஸில் திரும்பி வந்தேன். மறு வருசம் ஜூன் 15 முதல் போடிக்கும் வந்துவிட்டது, சென்னைக்கே வண்டி போகிறது. அந்தச் சாலைக்குக் கிடைத்தது இன்னொரு கல்.

இந்தமுறை வடிவமே மாறிவிட்டது. கோயம்பேடு வரை இரண்டு அடுக்கு. கீழ் அடுக்கில் நகரத்து வண்டிகள் அங்கங்கே ஏறி இறங்கலாம். மேல் அடுக்கு துறைமுகச் சரக்குக்கு. நீளம் 21 கிலோமீட்டருக்குப் பக்கம், செலவு 5,800 கோடிக்கு மேல். முதல் திட்டம் 1,800 கோடி ரூபாய் அளவில்தான் பேசப்பட்டது. பழைய தூண்கள் இந்த இரட்டை அடுக்குக்கு ஒத்துவராது, இடிக்க வேண்டியதுதான் என்று முடிவானது. இத்தனை வருசம் வெயிலிலும் மழையிலும் நின்றதற்கு அதுதான் பலன்.

இனி வேலை முடியும் என்றே வைத்துக்கொள்வோம். முடிகிறபோது அதில் போக லாரி இருக்குமா என்பது எனக்குள்ள சந்தேகம். எண்ணூரில் காமராஜர் துறைமுகம் 2001-லேயே வந்துவிட்டது. பக்கத்தில் காட்டுப்பள்ளியிலும் கன்டெய்னர் இறக்குகிறார்கள். எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் பக்கம் பூஞ்சேரி வரை நகரைச் சுற்றி 130 கிலோமீட்டருக்கு மேல் வட்டச்சாலை போடுகிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் சரக்கு அந்த வழியாகவே வடக்கே போய்விட்டால், ஊர் நடுவில் இவ்வளவு செலவில் கட்டிய மேல் அடுக்கு யாருக்கு? கீழ் அடுக்கு நிச்சயம் நிரம்பும். சென்னையில் எந்தச் சாலை காலியாக இருந்தது? அப்படியானால் துறைமுகத்துக்கென்று ஆரம்பித்த சாலை கார்களுக்கான சாலையாகத்தான் முடியும். அதுவும் தேவைதான், இல்லை என்று சொல்லவில்லை. கணக்குதான் வேறு.

மாப்பிள்ளைக்கு இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. துறைமுக வாசலில் வரிசையில் வண்டியை நிறுத்தி, கேபினிலேயே சமைத்து, கேபினிலேயே தூங்கிக் காலம் போயிற்று. கடனை ஒருவழியாக அடைத்துவிட்டான். போன வீரபாண்டி திருவிழாவுக்கு வந்திருந்தபோது, "பாலம் என்னாச்சு மாப்ள?" என்று கேட்டேன். "வேலை நடக்குது மாமா. நான்தான் மூணு மாசமா காட்டுப்பள்ளிக்கு ஓட்டுறேன்" என்றான். அப்புறம் மகனைத் தோளில் ஏற்றிக்கொண்டு ராட்டினம் பக்கம் போய்விட்டான்.