ஏகாதசி ராத்திரிக்கு எந்தப் பரமபதம்?

வைகுண்ட ஏகாதசி கண்விழிப்புக்குப் பரமபதம் வேணும்னு கோயில் பசங்க கேட்டாங்க. மூணு விதமா விளையாடிப் பார்த்தேன். பேக்டரியில சரக்கைச் சோதிக்கிற பழக்கம், இதுக்கும் மார்க் போட்டுட்டேன்.

1. கடையில விக்கிற பாம்பு ஏணி, மலாய்ல 'டாம் உலார்'. 100 கட்டம். நம்ம பக்கத்து ஆட்டந்தான், 1890கள்ல இங்கிலாந்துல அச்சுக்குப் போச்சு. 1943ல அமெரிக்காவுல பாம்பை எடுத்துட்டு சறுக்குமரமே வச்சுட்டாங்க. சீக்கிரம் முடியும். ஆனா ஏன் ஏறினோம், ஏன் விழுந்தோம்னு தெரியாது. 10க்கு 5.

2. கைப்பேசி. பகடையை அதுவே உருட்டும், காயை அதுவே நகர்த்தும். ஒருத்தன் விளையாட, மத்தவங்க தூங்கிட்டாங்க. 10க்கு 2.

3. தமிழ்நாட்டுல அச்சடிச்ச பரமபத சோபான படம். ஏணி நல்ல குணம், பாம்பு கெட்ட குணம், உச்சியில வைகுண்டம். தாயம் விழுந்தாத்தான் காய் இறங்கும். எழுத்து மட்டும் ரொம்பப் பொடி. 10க்கு 9.

புக்கிட் ரோத்தான் பக்கம் தோட்டத்து லயத்துல, பாம்பு கடிச்சா அந்தக் கட்டத்துப் பேரைச் சத்தமா படிக்கச் சொல்வாங்க எங்க பாட்டி. அவங்களுக்கு எழுத்துத் தெரியாது. நாங்க படிக்கக் கேட்டே எல்லாம் மனப்பாடம்.

இந்த வாரம் என் கடைசிப் பையனைப் பாம்பு கடிச்சுது. படிடான்னேன். முழிச்சான். அவனைத் தமிழ்ப்பள்ளியில சேர்க்காதது நான்தான்.

அதனால மூணாவது படமே போதும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பெரியவர் கூட உட்காருங்க. பெரிய எழுத்துல துணியில வரைஞ்சு தர ஆள் இருந்தா சொல்லுங்க.

ஓம் நமோ நாராயணாய.