துரும்பும் கலாவரையும்

கடுதாசிக் கட்டைப் பற்றித் தமிழாசிரியர் எழுதுவதா என நகைப்பாரும் உளர். நகைப்பாராக. சொல் உள்ள இடமெல்லாம் எமக்குப் பாடசாலையே.

பேசாலை, வங்காலை, தலைமன்னார்க் கரைகளிலே, வாடைக்காற்று முற்றித் தோணி இறக்கவியலாத நாட்களில், வாடிகளில் நால்வர் கூடி முந்நூற்று நான்கு ஆடுவர். துரும்பு, இஸ்கோப்பன், ஆடுத்தன், உருவித்தன், கலாவரை என்னும் சொற்கள் அங்கே முழங்கும். ஒலி ஊருக்கூர் சிறிது வேறுபடும்.

துரும்பென்பது உலர்ந்த சிறு புல்லன்றோ? அற்பத் துரும்பு அரசனை வெட்டுவது எங்ஙனம் என மாணவர் மயங்குவர். இது வேறு துரும்பு. 1560 இல் மன்னாரைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரின் சொல்லே எம் நாவிற் படிந்து இவ்வுருப் பெற்றது. அக்கரைத் தமிழர் துருப்பு என்பர். அதனைப் படையென்று கொள்வாரும் உண்டு! ஏனைய நான்கும் 1658 இல் வந்த ஒல்லாந்தர் தந்தவை. இஸ்கோப்பன் மண்வாரி, ஆடுத்தன் இதயம், உருவித்தன் சாளரக் கண்ணாடிச் சாய்சதுரம், கலாவரை மூவிலைப் புல். படமும் பெயரும் ஒத்திருத்தல் காண்க. ஆங்கிலேயரோ அம்மூவிலையை வரைந்துவிட்டுத் தடியெனப் பொருள்படும் 'கிளப்' என்கின்றனர். எமது மீனவர் பெயரே செவ்விது.

இப்பொழுது விடுமுறைக்கு வரும் பழைய மாணவர் வாயிலாகவும் கைத்தொலைபேசி வாயிலாகவும் போக்கர் வந்துள்ளது. அதன் சொற்கள் இன்னும் பொல்லாதவை. 'பிளைண்ட்' குருடன்று, சீட்டுக்களைப் பாராமுன் கட்டாயமாக வைக்கும் பணம். 'செக்' பணம் வைக்காது முறையைக் கடத்தல். 'கோல்' அழைப்பன்று, பிறர் வைத்த அளவு தாமும் வைத்தல். 'ரிவர்' பொதுவிலே விரிக்கப்படும் ஐந்தாம் சீட்டு. ஆறு யாண்டும் இல்லை. ஒரே இனத்துச் சீட்டு ஐந்தாயின் 'பிளஷ்'. எண் தொடர்ந்து வரின் 'ஸ்ட்ரெய்ட்'.

எமது ஆட்டத்தில் ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, அரசன் 3, அரசி 2. ஓரினத்துக்கு 76, நான்கினத்துக்கு 304. ஜாக்கே தலைவன். போக்கரிலோ ஆஸே தலைமை. ஜாக் அரசிக்கும் கீழ். வாடியில் நூற்றறுபது கேட்பவன் புள்ளியையே கேட்கின்றான். அங்கே 'கோல்' என்பவன் காசை இழக்க உடன்படுகின்றான். சென்ற ஆண்டு எமது மாணவன் ஒருவன், வலை வாங்க வீட்டார் சேர்த்த பணத்தில் ஒரு பங்கை இவ்வேற்றுமை அறியாது தொலைத்தான். அதன் பின்னரே இச்சொற்களைக் கரும்பலகையில் எழுதினோம். சூதைக் கற்பிப்பதோ எனச் சக ஆசிரியர் இருவர் சினந்தனர். பொருள் தெரிந்த பின் அவ்வாட்டத்தை விட்டவர் எம் வகுப்பில் மூவர் உளர் என்றோம். அவர்கள் இன்னும் இணங்கினாரல்லர்.

அவ்வகுப்பிலே கலாவரை என்ற சொல்லை அறிந்தோர் இருவரே. எனவே வாடிகளில் ஆடி முதிர்ந்தோரிடம் இத்தகு சொற்களைக் கேட்டு, அவரவர் ஊர் ஒலியோடு எமக்கு எழுதியனுப்புமாறு பழைய மாணவரை வேண்டுகின்றோம்.