பிறந்தநாளைத் தேடித் தரும் பட்டியல்

எங்கள் துணிக்கடை வாடிக்கையாளர் பட்டியல் எக்செலில் இருக்கிறது. இன்று யாருக்குப் பிறந்தநாள் என்று கோப்பைத் திறந்ததுமே இப்போது தெரிந்துவிடுகிறது. முழுத் தேதியை ஒப்பிட்டால் யாரும் அகப்படமாட்டார்கள், பிறந்த வருடம் குறுக்கே நிற்கும். மாதத்தையும் நாளையும் மட்டும் பிரித்து இன்றைய தேதியோடு பொருத்த வேண்டும். அடுத்த ஏழு நாளுக்குத் தேடுகிறவர்கள் டிசம்பர் கடைசி வாரத்தைத் தனியாகக் கவனியுங்கள், ஜனவரிக்காரர்கள் விடுபட்டுப்போவார்கள். பிப்ரவரி 29-இல் பிறந்தவர்களுக்கோ அடுத்த தேதி 2028-இல்தான்! மற்ற வருடங்களில் அவர்களை 28-ஆம் தேதியில் சேர்த்திருக்கிறேன். ஒரு வாழ்த்துக்காக நான்கு வருடம் காக்கவைக்க மனம் வரவில்லை.

பிறந்த தேதியை எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லிச் சம்மதம் கேட்டுவிடுங்கள். 2023-ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதைத்தான் வலியுறுத்துகிறது. தேடுவதை எக்செல் செய்யட்டும். போன் போட்டு வாழ்த்துவது நான்தான்.