மயிரிழை ஆட்டம் இருக்கட்டும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு மாமா எழுதுவது.

முன் சக்கரத்தில் ஊளைச் சத்தம் வருகிறது, ஒட்டன்சத்திரம் லோடு இல்லாத நாளில் வாசலிலேயே போட்டு பேரிங் மாற்றப்போகிறேன் என்றாய். தாராளமாகச் செய். பழைய 407 வண்டியில் முன் ஹப் வேலை ஒன்றும் கம்ப சூத்திரம் இல்லை. எந்தச் சக்கரம் என்பதை மட்டும் முதலில் உறுதி செய்துகொள். இடது வளைவில் சத்தம் ஏறினால் பெரும்பாலும் வலது சக்கரம். பாரம் அந்தப் பக்கம்தான் சாயும். ஜாக்கி போட்டுத் தூக்கி டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டு. கிங்பின் தேய்ந்தாலும் இதே ஆட்டம் வரும். அதனால் யாரையாவது பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டிப் பார். நின்றுவிட்டால் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின், அது வேறு செலவு.

பின் சக்கரத்துக்குக் கட்டை கொடு, அச்சுக்கு அடியில் ஸ்டாண்டு வை. செங்கல்லை நம்பாதே, சொல்லாமல் நொறுங்கும்.

கழற்றியதும் டீசலில் கழுவி உருளைகளை வெயிலில் பிடித்துப் பார். நீலம் பாய்ந்திருந்தால் சூட்டில் வெந்தது. அம்மைத் தழும்பு மாதிரி குழி இருந்தால் பெரும்பாலும் தண்ணீர் புகுந்திருக்கும். மழைக்காலத்தில் ஓடைக்குள் வண்டியை இறக்குகிறாயே, அதற்கான கூலி. ஆயில் சீலையும் புதிதாகவே போடு.

உருளைகள் உள்ள கோனை மட்டும் மாற்றிவிட்டு ஹப்புக்குள் இருக்கும் கப்பை அப்படியே விடுகிறவர்கள் உண்டு. சோம்பல்தான், வேறென்ன. இரண்டையும் ஜோடியாக மாற்று. புதுக் கப்பைப் பித்தளைக் கம்பி வைத்து எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றித் தட்டு. கப் அடிவரை போய் உட்கார்ந்ததும் சத்தம் மாறிக் கெட்டியாகக் கேட்கும். கிரீஸை மேலாகப் பூசாதே. உள்ளங்கையில் வைத்து, உருளை இடுக்கில் மறுபக்கம் பிதுங்கும்வரை அழுத்து.

இந்தக் கூம்பு உருளை பேரிங்குக்கு 1898-ல் காப்புரிமை வாங்கிய ஹென்றி டிம்கன் என்ற அமெரிக்கர் குதிரை வண்டி கட்டுகிறவர். பாரத்தோடு திரும்பும்போது வரும் பக்கவாட்டுத் தள்ளலையும் சக்கரம் தாங்க வேண்டுமே என்பது அவர் கவலை. உன் தக்காளி லோடுக்கும் அதே கவலைதான்.

வேலையே நட்டில்தான் இருக்கிறது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, கனமாகச் சுற்றும்வரை முறுக்கு. அப்போதுதான் உருளைகள் இடம் பிடிக்கும். பிறகு நட்டைத் தளர்த்தி, வெறும் கையால் இறுக்கு. ஸ்பிளிட் பின் துளை நேர்படாவிட்டால் தளர்கிற பக்கமே திருப்பு. மயிரிழை ஆட்டம் இருக்க வேண்டும். ஷெட்டுப் பையன்கள் பைப் மாட்டி முறுக்கி, 'கிண்ணென்று இருக்கு அண்ணே' என்பார்கள். அது ஓடஓடச் சூடேறி கிரீஸை உருக்கிவிடும். ஸ்பிளிட் பின் புதிதாகப் போடு. பழையதை நிமிர்த்திப் போடுகிற சிக்கனம் நமக்கு வேண்டாம்.

20 கி.மீ. ஓட்டிவிட்டு ஹப்பைத் தொட்டுப் பார். கை வைக்க முடியாமல் சுட்டால் நட்டை மறுபடி பார்க்க வேண்டும். தொட்டுப் பார்க்கும்வரை பிரேக்கை அதிகம் மிதிக்காதே, அந்தச் சூடு உன்னைக் குழப்பும்.

பேரிங்கைப் பில்லோடு வாங்கு. பெட்டி மட்டும் அசலாக இருக்கிற சரக்கு நிறைய நடமாடுகிறது. என் பெரிய சாக்கெட் செட்டை பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன், துடைத்துத் திருப்பி அனுப்பு. அக்காவைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் மாமா