ஹார்வர்ட்டில் இல்லாத ஹார்வர்ட்

கொட்டாஞ்சேனையில் ஆய்வேடுகளுக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். ஒவ்வோர் ஏட்டிலும் என்னை அதிகம் மினக்கெட வைப்பது கடைசியில் வரும் உசாத்துணைப் பட்டியல்தான். அடைப்புக்குறி, காற்புள்ளி, சாய்வெழுத்து என்று கையால் திருத்தி முடிப்பதற்குள் மேற்பார்வையாளர் இன்னும் பத்து நூலைச் சேர்க்கச் சொல்லியிருப்பார். போன வருடம் எம்.ஃபில். மாணவி ஒருத்தி துறைக் கைநூலோடு ஜம்பட்டா வீதியிலுள்ள என் இடத்துக்கு வந்தாள். இந்த முறை கையால் செய்வதில்லை, உசாத்துணைகளைத் தானே அடுக்கும் ஸோட்டேரோ மென்பொருளுக்கு அவளுடைய கம்பஸின் மேற்கோள் பாணியையே எழுதிவிடுவோம் என்று சொன்னேன்.

"கைநூலில ஹார்வர்ட் எண்டுதானே அண்ணா போட்டிருக்கு. அது ரெடியா இருக்குமே?"

இருந்தது. ஆனால் ஒன்றல்ல. ஸோட்டேரோவின் பாணிக் களஞ்சியத்தில் ஹார்வர்ட் என்று தேடினால் லண்டன் இம்பீரியல் கல்லூரி, பாத், ஸ்டெலன்போஷ் என்று ஆளுக்கொரு ஹார்வர்ட் வந்து நிற்கிறது. ஹார்வர்ட் பல்கலைக்கழகமோ தன் மாணவருக்கு ஏபிஏ, எம்எல்ஏ, சிக்காகோ ஆகிய பாணிகளைத்தான் கற்பிக்கிறது. அப்படியென்றால் இதில் எது அசல்? எதைப் பார்த்து எழுதுவது?

தேடிப் போனால் ஓடில்லாத நத்தையொன்றில் போய் முட்டியது. எட்வர்ட் லாரன்ஸ் மார்க் என்பவர் ஹார்வர்ட்டில் விலங்கியல் கற்பித்தவர். லிமாக்ஸ் காம்பெஸ்ட்ரிஸ் என்ற அந்த நத்தையின் முட்டை எப்படி முதிர்ந்து, கருவுற்று, பிளவுபடுகிறது என்பது பற்றி 1881இல் நீண்ட கட்டுரை எழுதினார். அதன் 194ஆம் பக்கத்தில் ஓர் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போட்டு, தான் செய்வது இன்னதென்று அடிக்குறிப்பில் விளக்கியும் வைத்தார். ஹார்வர்ட் முறையின் மூலம் என்று இதைத் துருவி எடுத்து 1988இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதியவர் ஈலை செர்னின். அவரும் ஹார்வர்ட்காரர், நத்தை வழியாகப் பரவும் நோய்களை ஆராய்ந்தவர். நத்தைக் கட்டுரையை நத்தைக்காரர்தான் கண்டுபிடிக்க வேண்டும்போலும்.

ஆக, மார்க் செய்தது ஒரு விலங்கியலாளரின் சொந்த வசதி. அறிவியலில் ஆண்டுக்கு வேலை இருக்கிறது. எந்த முடிவு பழையது, எது அதை மறுத்தது என்பது அடைப்புக்குறியிலேயே தெரிந்துவிடும். எந்தச் சபையும் கூடி அதைச் சட்டமாக்கவில்லை. வான்கூவர் மேற்கோள் முறைக்குக்கூட 1978இல் அந்த நகரில் கூடிய மருத்துவ இதழாசிரியர்கள் இருக்கிறார்கள். ஹார்வர்ட்டுக்கு அப்படி ஒரு வீட்டுக்காரர் கிடையாது.

சரி, எழுதத்தான் வேண்டும். ஸோட்டேரோ 2006இல் அமெரிக்காவின் ஜோர்ஜ் மேசன் பல்கலைக்கழக வரலாற்றாளர்களிடமிருந்து வந்த இலவச மென்பொருள். அது வாசிக்கும் பாணிக் கோப்பு சிஎஸ்எல் எனப்படும். ஒஹாயோ மயாமி பல்கலைக்கழகத்துப் புவியியலாளர் புரூஸ் டார்கஸ் தொடக்கிவைத்த மொழி அது. கோப்பு வெறும் எக்ஸ்எம்எல்தான், நோட்பேடில் திறக்கலாம். மேலே பாணியின் பெயரும் அடையாளமும், நடுவே ஆசிரியர், ஆண்டு, தலைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு மேக்ரோ, கீழே உடலில் வரும் மேற்கோளுக்கு ஒரு பகுதி, பட்டியலுக்கு ஒரு பகுதி. யாரும் வெறும் தாளிலிருந்து தொடங்குவதில்லை. கிட்டத்தட்டப் பொருந்தும் பாணியொன்றை எடுத்து, அடையாளத்தை மாற்றி, பிறகு வெட்டி ஒட்டுவதுதான் வழக்கம்.

சிக்கல் கைநூலில் இருந்தது. அது ஏழெட்டு உதாரணங்களைக் காட்டிவிட்டு "இவ்வாறே ஏனையவையும்" என்று முடித்திருந்தது. மனிதருக்கு அது போதும். கோப்புக்குப் போதாது. மூன்று ஆசிரியர் என்றால் எல்லோரையும் எழுதுவதா, ஒருவரை எழுதி "மற்றும் பலர்" என்பதா? ஆசிரியரே இல்லையென்றால் முதலில் வருவது எது? எந்தக் குழுவும் தீர்மானிக்காத விஷயங்களை நான் ஜம்பட்டா வீதியில் இருந்து தீர்மானிக்க வேண்டி வந்தது.

பெயர் வரிசை அவ்வளவு தொல்லை தரவில்லை. கா. சிவத்தம்பி என்ற பெயரில் கார்த்திகேசு தகப்பன், சிவத்தம்பி ஆள். வெள்ளைக்காரர் குடும்பப் பெயரைப் போடும் கட்டத்தில் சிவத்தம்பியைப் போட்டு, முதற்பெயர்க் கட்டத்தில் "கா." என்று போட்டால் அகரவரிசை சரியாக விழும். சென்னைப் பல்கலைக்கழக நூலகர் எஸ். ஆர். ரங்கநாதனின் பெயரும் அப்படித்தான்: சீர்காழி ஊர், ராமாமிர்தம் தகப்பன், தேட வேண்டியது ரங்கநாதனை.

இலக்கிய விமர்சகர் கைலாசபதிதான் என்னைப் படுத்தியவர். 1968இல் அவருக்கு ஒக்ஸ்ஃபோர்டிலிருந்து தமிழ் வீரயுகக் கவிதை பற்றிய ஆங்கில நூல் வந்தது. அதே ஆண்டில் 'தமிழ் நாவல் இலக்கியம்' வந்தது. ஆய்வேட்டில் இரண்டும் உண்டு. ஒன்று ஆங்கில எழுத்தில், மற்றது தமிழில் என்பதால் மென்பொருளுக்கு இவர்கள் இரண்டு பேர். இரண்டையும் தமிழிலேயே உள்ளிட்டால் ஒருவராகிவிடுகிறார், ஆனால் ஆண்டுகளைப் பிரித்துக்காட்ட 1968அ, 1968ஆ என்று வராமல் ஆங்கில ஏ, பி ஒட்டிக்கொள்கின்றன. "மற்றும் பலர்" விஷயத்திலும் இதே கதை. பாணியில் அதைத் தமிழில் எழுதிவைத்தால் ஆங்கில நூலுக்கும் அதுவே வரும். நூலுக்கு நூல் மொழி மாற்றும் வசதியை நகோயா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் ஃபிராங்க் பென்னட் ஜூரிஸ்-எம் என்ற ஸோட்டேரோவின் கிளை மென்பொருளில் செய்து வைத்திருக்கிறார். ஜப்பானியச் சட்டநூல்களோடு பட்ட பாடுதான் அவரை அங்கே கொண்டுபோயிருக்கும். எங்கள் மாணவியை அதற்கு மாற்ற நேரம் இருக்கவில்லை. தமிழ், ஆங்கிலம் என்று இரண்டு பட்டியலாகப் பிரித்தோம்.

பழந்தமிழ் நூல்களுக்கு வந்தபோதுதான் மார்க்கின் முறை முழுதாகக் கைவிட்டது. சிலப்பதிகாரத்தை உ.வே.சாமிநாதையரின் முதற்பதிப்பிலிருந்து காட்டினால் "இளங்கோவடிகள், 1892" என்று வருகிறது. சேர முனிவர் விக்டோரியா காலத்தவராகிவிடுகிறார்!

இதற்கு விடை வேறொரு பல்கலைக்கழகத்திடம் எப்போதோ இருந்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் பொருள்களுக்குப் பின்னே பெரும்பாலும் சான்று உண்டு. நூலின் சுருக்கப் பெயர், காதை, அடி. குறளென்றால் நூலும் பாட்டு எண்ணும். ஆசிரியர் இல்லை, ஆண்டும் இல்லை. எந்தப் பதிப்பைக் கையில் எடுத்தாலும் இடத்தைப் போய்ப் பிடிக்கலாம். என் பார்வையில் தமிழில் ஒரு பல்கலைக்கழகம் வகுத்த ஒழுங்கான மேற்கோள் பாணி அதுதான். துறைக் கைநூல்களை எழுதியவர்கள் அதைப் புரட்டாமல் ஹார்வர்ட்டைத் தேடிப் போனது ஏனோ.

சிஎஸ்எல் 1.0.2 பதிப்பில் செவ்வியல் நூல் என்றே ஒரு வகையைச் சேர்த்திருக்கிறார்கள். ஸோட்டேரோவில் எக்ஸ்ட்ரா கட்டத்தில் ஒரு வரி எழுதி நூலை அந்த வகைக்கு மாற்றலாம். அந்த வகை வந்தால் ஆசிரியரையும் ஆண்டையும் விட்டுவிட்டு, குறுந்தலைப்பையும் இடத்தையும் மட்டும் காட்டு என்று ஒரு நிபந்தனை எழுதினேன். உடலில் (சிலப். 10: 4) என்று வந்தது. பட்டியலில் சிலப்பதிகாரம் "சி"யில் நின்றது. பதிப்பாசிரியரும் 1892உம் அவற்றுக்குரிய இடத்துக்கு, பின்னுக்குப் போயின.

மேற்பார்வையாளர் ஏட்டைப் பார்த்துவிட்டு, ஒரே அடைப்புக்குறிக்குள் வரும் மேற்கோள்களுக்கு நடுவே அரைப்புள்ளி வேண்டாம், காற்புள்ளி போடச் சொல்லி அனுப்பினார். கோப்பில் ஓர் எழுத்தை மாற்றினேன். மாணவி ரிஃப்ரெஷ் பொத்தானை அமர்த்தினாள். ஆறு அத்தியாயமும் திருந்தின.